உண்ணிச்செடியை வேரோடு சாய்த்தவர்களுக்கு

ஏற்காட்டு மலையில் எங்கள் ஊர் ஊற்றுக்குப் போகும் தடம் திறந்துவிட்டது. ஆளுயரத்துக்கு மூடிக் கிடந்த உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்றிய எல்லோருக்கும் ஊர் சார்பாக நன்றி.

முதல் வணக்கம் மேலூர்ப் பெரியம்மாவுக்கு. "மேலாப்புல வெட்டுனா மறு மழைக்கு ரெண்டு பங்காத் தழையும் சாமி" என்று அரிவாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கையில் மண் கொத்தும் கொத்தைக் கொடுத்தவர் அவர்தான். வெட்டினாலும் கொளுத்தினாலும் அடிக்கட்டை துளிர்த்துவிடும். மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேருமிடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் சொல்லும் முறையும் இதேதான். பெரியம்மா டெல்லியெல்லாம் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவருக்கும் நன்றி. போன கோடையில் மூக்கும் மடியும் வெந்து தோல் உரிந்து நின்ற கிடேரியைப் பார்த்ததுமே, "உண்ணிச்செடியைத் தின்றிருக்கிறது, ஈரல் கெட்டிருக்கிறது, வெயிலில் விடாதீர்கள்" என்றார். அதன்பிறகுதான் ஊரே மண்வெட்டியோடு கிளம்பியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுப் பூவாகக் கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்கச் செடி இது!

அனுமதி தந்த வனத்துறையினருக்கும், வேலை நாட்களில் டீ போட்டுக் கொடுத்த கடைக்கார அண்ணனுக்கும் நன்றி.

சேலத்திலிருந்து வந்த கூடை முடைபவர், குச்சிகளை வேகவைத்துப் பட்டை உரித்தால் பிரம்பு மாதிரி வளையும் என்று செய்தே காட்டினார். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இதே குச்சியில் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அப்படியென்றால் வளர்க்கலாமே என்றார் கூட்டத்தில் ஒருவர். வேண்டாம் சாமி!

பெரிய நன்றி கல்லூரிப் பிள்ளைகளுக்கு. வந்தார்கள், தோண்டினார்கள், படம் எடுத்தார்கள். அப்புறம் மழை முடிந்ததும் மறுபடி வந்தார்கள். அந்த இரண்டாவது வரவுதான் முக்கியம். கொண்டைக்குருவிகள் கறுத்த பழத்தைத் தின்று சில்வர் ஓக் கிளையில் இருந்து எச்சமிட, அடியில் விரல் நீளக் கன்றுகள் முளைத்திருந்தன. அந்தப் பருவத்தில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வேலியோரத்தைத் தொடவிடவில்லை என்பதால், அடுத்த ஐப்பசிக்கும் அவர்கள் வர வேண்டியிருக்கும்.

வெறும் மண்ணாக விட்டால் மறுபடி அதுவே வரும் என்று நாவல் கன்றுகள் தந்த நர்சரிக்காரருக்கும் நன்றி. காசு வேண்டாம் என்கிறார். ஒரு மூட்டை மிளகாவது வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.