இறக்கைக்கு எந்த மரம்?

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள செல்வராஜு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. அவனுக்கு வேலை கையில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். பேத்தி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டாள். பள்ளி விட்டு வந்ததும் நேராகப் பின்னறைக்குத்தான் ஓடி வருகிறாள், நான் கட்டும் விமானம் இன்றைக்கு எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்க.

சரி, விமானத்துக்கு வருகிறேன். நீ கேட்ட கேள்வி நியாயமானது. மெராந்தி, செங்கால், ஜெலுத்தோங் என்று மரங்களை வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, எதற்கு அமெரிக்க ஸ்ப்ரூஸ் பலகைக்குக் காசைக் கொட்டுகிறாய் என்கிறாய். மரத்தோடேயே வாழ்ந்தவன் கேட்கிறாய். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கட்டுவது பீட்டன்போல் ஏர் கேம்பர். மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் இருந்த பெர்னார்ட் பீட்டன்போல், 1929இல் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்ட இரண்டு இருக்கை விமானம். அதன் வரைபடம் 1932இல் அச்சில் வந்தது. இன்றைக்கும் வீட்டுக் கொட்டகைகளில் அதைப் பார்த்துக் கட்டுகிறார்கள். உடலும் இறக்கையும் மரச்சட்டம், மேலே துணிப்போர்வை. அதில் ஒவ்வொரு சட்டத்தின் அளவும் ஸ்ப்ரூஸ் மரத்தின் பலத்தையும் எடையையும் நம்பிப் போட்டது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 430, 450 கிலோதான் அந்த மரம். நம் செங்கால் 900க்கும் மேலே. வீட்டுத் தூணுக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் இறக்கைக்குள் வைத்தால் தரையைவிட்டு எழும்பவே எழும்பாது.

மெராந்தி ஆகுமே என்பாய். அங்கேதான் எனக்குத் தயக்கம். விமானத்துக்கு ஸ்ப்ரூஸ் பொறுக்கும்போது அங்குலத்துக்கு ஆறு வளர்ச்சி வளையமாவது இருக்க வேண்டும், நார் 15 அங்குல ஓட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. குளிர்நாட்டு மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடுகிறது, எண்ணிப் பார்க்கலாம். நம்மூர் மரத்துக்குக் குளிர்காலம் ஏது? வளையம் தெளிவாகத் தெரிவதில்லை. மெராந்தியில் நார் ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் என்று பின்னிக்கொண்டு ஓடுவதும் உண்டு. இழைக்கும்போது திடீரென்று பிசிறு கிளம்புமே, உனக்குத் தெரியாததா! அலமாரிக் கதவில் அது அழகு. இறக்கைச் சட்டத்தில் அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அடிமரத்தின் நடுப்பகுதி நொறுங்கும் தன்மையோடு இருப்பதும் மெராந்தியில் தெரிந்த குறைதான். ஜெலுத்தோங் லேசானது, நேரான நார் கொண்டது. அதன்மேல் எனக்கும் ஆசை வந்தது உண்மை. ஆனால் உள்ளே பால் ஓடிய கீறல் கீறலான துளைகள் இருக்கின்றனவே. மரத்தை மாற்றினால் அளவுகள் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட்டு, சோதித்தும் பார்க்க வேண்டும். மேலே ஏறி உட்காரப்போகிறவனுக்கு, பல பேர் பறந்து காட்டிய கணக்கே போதும்.

வந்த ஸ்ப்ரூஸையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதில்லை. பலகையில் பேனா மையை ஒரு துளி விட்டால் அது நாரோடு ஓடும், சாய்வு தெரிந்துவிடும். அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற கோடு ஏதாவது இருக்கிறதா என்று தடவித் தடவித் தேடுவேன். மரம் நிற்கும்போது காற்றில் வளைந்தோ வெட்டி விழும்போது அடிபட்டோ உள்ளே நசுங்கிய இடம் அது. வெளியில் பார்த்தால் தங்கம் மாதிரி இருக்கும் பலகை, அந்தக் கோட்டில் முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று முறியும். கோடு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

இப்போது ரிப் கட்டுகிறேன். இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் விலாச் சட்டம் அது. கால் அங்குலத்துக்கு அரை அங்குலக் குச்சிகள்தான். பிளைவுட் பலகையில் ரிப்பை முழு அளவில் வரைந்து, கோட்டை ஒட்டிச் சின்னக் கட்டைகளை அடித்து, குச்சிகளைப் பிடித்துக்கொள்ளும் அச்சாக ஒரு ஜிக் செய்துகொண்டேன். (அந்தக் கட்டைகள் நியாத்தோ. நம்மூர் மரத்துக்கும் இதில் பங்கு உண்டு!) முன்பக்க வளைவுக்குக் குச்சியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பசை. மூட்டுக்கு மூட்டு 1/16 அங்குலப் பிளைவுட் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டிக் குட்டி ஆணி அடிக்கிறேன். பசை இறுகும்வரை பிடித்துக்கொள்வதற்குத்தான் ஆணி. பாரம் முழுவதையும் சுமப்பது பசை.

அதனால் உன் பழக்கம் ஒன்றை இங்கே விட வேண்டியிருக்கும். ஒட்டப்போகும் முகத்தில் மணல்தாள் தேய்க்கக் கூடாது. தூள் போய் மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும், பசை உள்ளே இறங்காது. கூரான இழைப்புளியால் இழைத்த முகம்தான் வேண்டும், அதுவும் இழைத்த அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். நான் வாங்கியிருப்பது எப்பாக்ஸி பசை. ரிசார்சினால் பசை தண்ணீருக்கு அசையாது, பழைய ஆட்கள் அதைத்தான் நம்புவார்கள். ஆனால் மூட்டு இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரத்துக்கே சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு வரை அழுத்தம் வேண்டும். எப்பாக்ஸிக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவு அழுத்தம் போதும். நம் வெக்கையில் சீக்கிரம் இறுகிவிடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்கிறேன். ஒவ்வொரு கலவையிலும் இரண்டு துண்டு மரத்தை ஒட்டி, தேதி எழுதி வைத்து, முழுவதும் இறுகிய பிறகு சுத்தியலால் அடித்து உடைக்கிறேன். மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக் கூடாது. பிரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டியதெல்லாம் குப்பைக்கு. மரம் கிழிந்து நார் நாராக நிற்பதைப் பார்க்கும்போது மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

அடுத்தது ஈரம். இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். விமான மரத்தில் ஈரம் 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. வெறுமனே திறந்து வைத்தால் எந்த மரமும் 16 விழுக்காடு வரை ஈரம் குடித்துவிடும். அப்படி ஊறிய நிலையில் வெட்டி ஒட்டிவிட்டு, பிறகு காய்ந்தால் மூட்டு இழுபடும், ஆணித்துளை, போல்ட் எல்லாம் தளரும். அதனால்தான் பின்னறையின் ஜன்னலை அடைத்து, ஏர்கான் போட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்திருக்கிறேன். காற்று 55, 60க்குள் நின்றால் மரம் 10, 11இல் நிற்கிறது. மின்கட்டணத்தைப் பார்த்து வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது. இருக்கட்டும், இதில் சிக்கனம் பார்க்கப் போவதில்லை. கட்டி முடித்து வெளியே போன பிறகு வார்னிஷ்தான் காவல். பசை படப்போகும் இடங்களை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் பூசுகிறேன். வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும் இடம், அது குடிப்பதை நிறுத்தும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். தண்ணீர் தேங்கக்கூடிய தாழ்ந்த மூலைகளில் வடிகால் துளையும் உண்டு.

இந்த வெயிலுக்கும் மழைக்கும் மர விமானம் தாங்குமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில் நம் அப்பாக்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, காட்டைப் படமெடுக்க மேலே பறந்தவற்றில் மொஸ்கிட்டோ என்ற போர் விமானமும் உண்டு. ஸ்ப்ரூஸ், பிர்ச் பிளைவுட், பால்சா, எல்லாம் மரம்தான். பிரிட்டிஷ் விமானப் படையின் மொஸ்கிட்டோ கடைசியாகக் களப்பணிக்குப் பறந்தது 1955 டிசம்பரில், மலாயாவின் மேலேதான். முறையாக ஒட்டி, பூசி, அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டால் மரம் நம்மைக் கைவிடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிப் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அடுத்தது ஸ்பார். இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் முதுகெலும்பு. அவ்வளவு நீளத்துக்குக் குறையில்லாத ஒரே பலகை கிடைப்பது அரிது, அதனால் இரண்டு பலகையைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு 12 அங்குலச் சாய்வு. இரண்டு முகமும் வெளிச்சம் புகாமல் பொருந்த வேண்டும். அந்தச் சாய்வை இழைக்க உன் கையைவிட நல்ல கை எனக்குத் தெரியாது. உன் மரம் வேண்டாம் என்று இவ்வளவு எழுதியவன், உன் கையைக் கேட்கிறேன். தைப்பூசத்துக்கு நீ பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலைவிட்டு அசைய மாட்டாய் என்று தெரியும். அது முடிந்ததும் பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறு, கே.எல். சென்ட்ரலில் நான் நிற்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, முட்டிவலிக்கு இங்கே ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்கலாம். நீளமான இழைப்புளியைச் சாணை பிடித்து எடுத்து வா. சின்னது என்னிடம் இருக்கிறது. பழகிப் பார்க்க ஸ்ப்ரூஸ் வெட்டுத்துண்டுகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே எழுது, அதற்குள் பலகையை அறையில் பதப்படுத்தி வைக்க வேண்டும்.

அன்புடன்,
கணேசன்