அசனக் கூடத் திருப்பணி: சபையாருக்கு நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையார் அனைவருக்கும் திருப்பணிக் கமிட்டியின் ஸ்தோத்திரம்.

அசனக் கூடமும் சமையல் கொட்டகையும் வேலை முடிந்து, பிரதிஷ்டைப் பண்டிகை அன்று சபையார் எல்லாரும் ஒன்றாக உண்ணும் அசன விருந்தும் அங்கேயே நடந்துவிட்டது. எல்லாரும் வந்து பார்த்தீர்கள், உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். ஆனாலும் வேலை எப்படி நடந்தது, எங்கே தாமதமானது, எங்கே எங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டோம் என்பதை எழுத்தில் கொடுப்பது கமிட்டியின் கடமை. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து, பில் நகல்களோடு ஆலய வாசல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அதனால் தொகைகளை இங்கே திரும்ப எழுதவில்லை.

இந்த வேலை எதனால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீர் நடுவே தவித்தார்கள். நம் ஊரிலும் குளத்துக் கரை உடைந்து கீழத்தெரு முழுக்கத் தண்ணீர். ஆலயம் மேட்டில் இருந்ததால் சனங்கள் இங்கே வந்தார்கள். நம் சபையார் மட்டுமல்ல, கோயில் தெரு, பள்ளிவாசல் தெருக் குடும்பங்களும் ஓய்வுநாள் பள்ளி அறையில் தங்கின. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாகச் சேர்த்து வைத்திருந்த பிடி அரிசிதான் முதல் இரண்டு நாளும் அத்தனை பேருக்கும் கஞ்சியானது. கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க, ஆட்டுக்கல் மேடையின் மேல் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் கொட்டகையின் மேற்குச் சுவர் சரிந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது விழாமல் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

முதலில் நாங்கள் நினைத்தது, விழுந்த சுவரைக் கட்டித் தகரம் போட்டால் போதும் என்றுதான். கொத்தனார் வந்து அசனக் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பல இடங்களில் பொத்தென்று சத்தம் கேட்டது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் நம் காலத்திலேயே சிமென்ட் பூசியிருந்தோம். பார்வைக்கு உறுதியாக இருந்தது. ஆனால் தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவரை மாவாக்கியிருந்தது. "சொவரு குடிச்ச தண்ணிய வெளிய விட முடியாம கெடக்கு அண்ணாச்சி. சிமென்ட உரிச்சாத்தான் பொழைக்கும்" என்றார். அந்தச் சிமென்ட் பூச்சுக்குத் தீர்மானம் போட்டவர்களில் இந்தக் கமிட்டியில் இருக்கும் இருவரும் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்த தவறு அது. அடுத்து வரும் கமிட்டிகள் ஆலயச் சுவரில் கை வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

சரி, சுண்ணாம்பு என்று முடிவாயிற்று. அதற்கு அவசரம் ஆகாது. தொட்டியில் சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவிட வேண்டும். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சாந்தை அரைக்க வேண்டும். கருப்பட்டி கடையில் வாங்கவில்லை. நம் சபையில் இன்னும் பனையேறும் குடும்பத்தார் தங்கள் விளையிலிருந்து கொடுத்தார்கள். ஊறப்போட்ட பீப்பாயைத் திறந்தால் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் ஆலய வளாகம் முழுக்கப் பரவும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் விரலை விட்டு நக்கிப் பார்த்து, கடுக்காயின் துவர்ப்பில் முகத்தைச் சுளித்ததும் நடந்தது. பூசிய பிறகும் சுவர் சட்டென்று காய்ந்துவிடக் கூடாது. சாக்கைக் கட்டித் தினமும் நனைக்க வேண்டும். அதை வாலிபர் ஐக்கியத்தார் முறை போட்டுச் செய்தார்கள். காலேஜுக்குப் போகுமுன் ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை. இப்போது கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு குளிர்ச்சி தெரிகிறதே, அது இந்தச் சுவரால்தான்.

"இவ்வளவு நாளா?" என்று சிலர் கேட்டீர்கள், கேட்டது நியாயம். இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல் ஐயர் கட்டிய ஆலயம் 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டையானது, 33 வருஷம். அதோடு நம் சின்னக் கூடத்தை ஒப்பிடவில்லை. ஆனால் அந்த ஆலயத்தின் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குள்ளே நாங்கள் பொறுமை சொல்லிக்கொண்டோம்.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அசனத்தின் உயிரே அங்குதானே இருக்கிறது. பழைய கோட்டை அடுப்பு மண்ணில் வெட்டிய நீளமான ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் கல், மேலே வரிசையாக வார்ப்பும் கிடாரமும். ஒரே தீயில் பல பாத்திரம் கொதிக்கும். ஆனால் புகைக்குப் போக்கிடம் கிடையாது. விடியற்காலையில் கறிக்குழம்பு இறக்கும் நேரத்தில் நம் அண்ணாச்சிமார் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய நின்றதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம்! புது அடுப்பும் கோட்டை அடுப்புதான். சூளைச் செங்கல் அடுக்கி, குளத்துக் களிமண் வைத்துப் பூசி, இடுப்புக்குக் கீழ் உயரத்தில் கட்டியிருக்கிறோம். குனிந்து குனிந்து விறகு தள்ள வேண்டியதில்லை. கூரையில் புகை போகத் திறப்பும் வைத்தோம்.

அந்தத் திறப்பில்தான் தப்பு நடந்தது. வரைபடத்தில் இருந்தபடி மேற்குப் பக்கம் வைத்துவிட்டோம். ஆடி மாதம் இரண்டு கிடாரம் ஏற்றி வெள்ளோட்டம் பார்த்தபோது புகை வெளியே போகாமல் முழுக்க உள்ளேயே சுழன்றது. நாற்பது வருஷமாக நம் அசனத்துக்குச் சமைக்கும் பெரியவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, ஆடிக் காத்து மேக்க இருந்துல்லா வருது. மேக்கயே தொறப்பு வச்சா பொகை எங்க போவும்?" என்று கேட்டார். அவரை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கூரை ஓடுகளைப் பிரித்து, திறப்பைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம். அதற்கான கூடுதல் செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. அதை மறைக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் அதைக் கையாளப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். அப்படிக் கேட்டதால் வந்ததுதான் காய் வெட்டும் திண்ணை.

முதல் வரைபடத்தில் அந்தத் திண்ணை கிடையாது. ஐக்கிய சங்கத்துப் பெண்கள்தான் கேட்டார்கள். அசனத்துக்கு முந்தின இரவு நமக்கெல்லாம் தெரியும். மூட்டை மூட்டையாகக் கத்தரிக்காய், வாழைக்காய், மலை மாதிரி சின்ன வெங்காயம். அரிவாள்மனைகளைச் சுற்றி வட்டம் வட்டமாக உட்கார்ந்து, யாராவது ஒருவர் கீர்த்தனை எடுக்க மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். கல்யாணமாகி வந்த மருமகள் இந்த ஊரின் முறையும் உறவும் தெரிந்துகொள்வது அந்த இரவில்தான். பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பண்டிகைக்கு வந்த மயினிமார் பேச்சைத் தொடங்குவதும் அங்கேதான். இதுவரை அதெல்லாம் வெட்டவெளியில், சரள் குத்தும் தரையில் நடந்தது. இப்போது கொட்டகையின் வடபுறம் நீளமாகத் திண்ணை, மேலே விளக்கு, ஓரத்தில் காய் கழுவத் தண்ணீர்க் குழாய். எங்கள் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இனி விருந்தினர் அறை விஷயம். பழைய கூடத்தில் சபைக் குருவானவரான ஐயரவர்களுக்கும் கமிட்டிக்கும் வெளியூர் விருந்தினருக்கும் தனி அறையில் மேசை போட்டுப் பரிமாறுவது வழக்கம். புது வரைபடத்திலும் அந்த அறை இருந்தது. நாங்களும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சபைக் கூட்டத்தில் வரைபடத்தை விளக்கியபோது, காலேஜ் படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து, "நற்கருணையில ஐயரும் எங்க பாட்டியும் ஒரே பாத்திரத்தில குடிக்கிறாங்க. சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் தனி ரூம்?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஐயரவர்களே, "நான் எல்லாரோடயும் பந்தியிலயே உக்காந்துக்கிறேன்" என்றார்கள். அந்த அறை இப்போது பாத்திரம் வைக்கும் அறை.

மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ மாநாட்டில் மிஷனெரிமார் முன்னிலையில் கேட்டது பணத்தையல்ல. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். நம் மண்ணில் பிறந்தவர் அவர். அவர் அன்று வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று நம் வீட்டுப் பிள்ளை நம்மிடம் கேட்டதாகவே கமிட்டி எடுத்துக்கொண்டது.

உட்காரும் முறையிலும் இரண்டு கருத்து இருந்தது. தரையில் பாய் விரித்து உட்காருவதுதான் அசனம் என்றனர் சிலர். முழங்கால் மடங்காத பெரியவர்கள் ஓரமாக நாற்காலியில் தனித்து உட்கார்வதை நாங்கள் சுட்டிக்காட்டினோம். கடைசியில் எல்லாருக்கும் பெஞ்சு என்று முடிவானது, வடகோடியில் மட்டும் பாய். வெள்ளத்தில் சாய்ந்த வளாகத்து வேப்பமரத்தை அறுத்துத்தான் பெஞ்சுகள் செய்தோம். பச்சை மரத்தில் வேலை செய்தால் வெடிக்கும் என்று ஆசாரி நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டார். அந்த மரத்தடியில் விளையாடியவர்கள் இன்று அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உடலுழைப்புக் கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வந்தோம். 1780இல் பாளையங்கோட்டைச் சபை தொடங்கியபோது பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன என்று படித்திருக்கிறோம். அந்த 40 பெயரை இத்தனை காலத்துக்குப் பிறகும் நாம் பேசுவதற்குக் காரணம் யாரோ எழுதி வைத்ததுதான். அதனால் ஒரு நாள் வந்து செங்கல் தூக்கியவர் பெயரும், பக்கத்துத் தெருவிலிருந்து டிராக்டர் கொடுத்து வாடகை வாங்க மறுத்த இந்துச் சகோதரர் பெயரும் அதில் இருக்கின்றன. நோட்டு ஆலயப் பதிவேடுகளோடு பெட்டியில் வைக்கப்படும்.

தளம் போட்ட நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன சபைத் தேர்தலுக்குப் பிறகு சில குடும்பங்கள் முகம் பார்ப்பதில்லை. ஆராதனைக்கு வந்தாலும் வேறு வேறு வாசலில் இறங்கிப் போவார்கள். அன்று மேகம் கூடியதால் மழைக்கு முன் முடிக்க வேண்டிய அவசரம், ஆள் போதவில்லை. மணி அடித்தோம், வந்தவர்கள் வந்த வரிசையில் நின்றார்கள். அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்ட இருவர், இரண்டு வருஷமாகப் பேசாதவர்கள். கலவைச் சட்டி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் பேசவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து டீ வந்தபோது, ஒருவர் வடைத் தட்டை எடுத்து, தான் எடுக்கும் முன் மற்றவரிடம் நீட்டினார். அவரும் எடுத்துக்கொண்டார். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள், நடுவில் பேரப்பிள்ளைகள்.

இன்னும் முடியாத வேலை இரண்டு. கொட்டகைக் கழிவுநீர் வாய்க்கால் பாதியில் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவோம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்குக் கைப்பிடி போட வேண்டும், குழாய் வாங்கியாயிற்று. கூடத்தை வீட்டு விசேஷங்களுக்குக் கேட்பவர்கள் ஐயரவர்களிடம் எழுதிக் கொடுத்து, சாவியை ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு வாடகை இல்லை, அது எந்தத் தெருவாக இருந்தாலும்.

அசனத்தன்று குழம்பு கொடுத்தனுப்பிய இரண்டு தூக்குவாளியும், பெரிய கிடாரத்தின் மூடியும் இன்னும் வந்து சேரவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் வரும் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். அறுப்பின் பண்டிகைக்குத் தேவைப்படும்.

திருப்பணிக் கமிட்டிக்காக,
செயலர்