நான் ‘வேண்டாம்’ என்று அணைத்ததை உங்கள் அப்டேட் ஏன் திறந்தது?

அனுப்புநர்:
உங்கள் கைபேசியை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர் மற்றும் தரவுப் பாதுகாப்பு அலுவலர்,
கைபேசித் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: அப்டேட்டுக்குப் பின் என் சம்மதமின்றித் தரவு அனுப்பப்படுவது, கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மூலநிரலை (மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவிலுள்ள நிரல்) தராமல் இழுத்தடிப்பது, பூட்லோடரை (கைபேசியைத் துவக்கி, எந்த இயங்குதளம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் நிரல்) திறக்கும் வசதியைப் பறித்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் கைபேசியைப் பெட்டி பிரிக்காத புதுக் கருவியாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். வன்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரை, பேட்டரி, கேமரா மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. என் புகார் உள்ளே ஓடும் மென்பொருளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மென்பொருள் யார் சொல்வதைக் கேட்கிறது என்பதைப் பற்றியது. இதைப் பற்றி உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சு: “உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம். செட்டிங்ஸில் சென்று நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.” நான் மாற்றியது நிலைக்கவில்லை என்பதுதான் நான் எழுதியதே! அதைப் படித்துவிட்டு ஒருவர் பதில் எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே வந்திருக்காது.

நடந்தது இது. கைபேசியை முதன்முதலில் இயக்கியபோதே ‘பயனர் அனுபவ மேம்பாட்டுத் திட்டம்’, ‘விருப்பத்துக்கேற்ற விளம்பரங்கள்’, ‘கண்டறிதல் தகவல்களைத் தானாக அனுப்புதல்’ மூன்றையும் அணைத்தேன். விசைப்பலகைச் செயலிக்கு இணைய அனுமதி வேண்டாம் என்று வைத்தேன். புகைப்படச் செயலியில் மேகச் சேமிப்பைத் தொடவே இல்லை. பிறகு அந்தப் பெரிய அப்டேட் வந்தது. அது முடிந்து கருவி மறுபடி உயிர்பெற்றதும் “மேம்படுத்தப்பட்ட அனுபவத்துக்கு வரவேற்கிறோம்” என்று ஒரு திரை. கீழே ‘தொடர்க’ என்று ஒரே ஒரு பொத்தான். அதைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தேன். அணைத்து வைத்திருந்த மூன்றும் நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. விசைப்பலகைக்கு இணைய அனுமதி திரும்ப வந்திருந்தது. பூட்டுத்திரையில் அதற்கு முன் இல்லாத விளம்பரப் படங்கள் வரத் தொடங்கின.

இதை அற்ப விஷயம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். மறுபடி அணைத்துவிட்டால் போயிற்று என்று உங்கள் பிரதிநிதி ஒருவர் தொலைபேசியில் சொல்லவும் செய்தார். ‘வேண்டாம்’ என்று நான் சொன்னது ஒரு முடிவு. அதை மாற்றும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் உண்டு. அடுத்த அப்டேட் வரைக்கும்தான் செல்லும் என்றால், அது நீங்கள் எனக்குக் கொடுத்த தற்காலிக சலுகையாகிவிடுகிறது. என் வீட்டில் வயதான ஒருவரும் இதே மாடலைத்தான் வைத்திருக்கிறார். செட்டிங்ஸுக்குள் நான்கு அடுக்கு இறங்கிப் போய் எதையும் அணைக்க அவருக்குத் தெரியாது. அவருக்காக நான் அணைத்து வைத்ததும் அதே அப்டேட்டில் போய்விட்டது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அவர் அந்த விசைப்பலகையில்தான் தட்டச்சு செய்கிறார். என் கோபத்தில் பாதி அவர் பொருட்டுத்தான்.

ஊகத்தின் பேரில் குற்றம் சாட்டவில்லை என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு நெட்வொர்க்கில் பை-ஹோல் என்ற திறந்த மூல (மூலநிரல் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்ட) மென்பொருளை நிறுவியிருக்கிறேன். எந்தக் கருவி எந்த சர்வர் முகவரியை எப்போது கேட்கிறது என்று அது பதிவு செய்யும். மூன்றையும் மறுபடி அணைத்துவிட்டு, சிம் அட்டையைக் கழற்றி, திரை அணைந்த நிலையில் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பதிவேட்டைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் புள்ளிவிவர சர்வர் பெயர் வரிசையாக நிற்கிறது. நள்ளிரவு, ஒரு மணி, இரண்டு மணி என்று இடைவெளி விடாமல், யாரும் தொடாத கருவி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதே பட்டியலில் இரண்டு விளம்பர நிறுவனங்களின் முகவரிகளும் உண்டு. அந்தப் பதிவேட்டின் நகலை இணைத்திருக்கிறேன். எங்கே போகிறது என்பதுதான் அதில் தெரியும். என்ன போகிறது என்பது மறையாக்கத்துக்குள் இருக்கிறது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

இது என் ஒருவனின் கைபேசியில் நேர்ந்த கோளாறாக இருக்க வாய்ப்பில்லை. 2021இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி, எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல தயாரிப்பாளர்களின் ஆண்ட்ராய்டு கைபேசிகளை எடுத்துச் சோதித்தார்கள். குறைந்தபட்ச அமைப்பில் வைத்து, பயன்படுத்தாமல் சும்மா போட்டு வைத்திருந்தபோதுகூட அவை தயாரிப்பாளருக்கும் முன்கூட்டியே ஏற்றப்பட்ட செயலிகளின் நிறுவனங்களுக்கும் கணிசமான தரவை அனுப்பின. சோதித்தவற்றில் ஈ/ஓஎஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் மட்டும் அப்படி அனுப்பவில்லை. ஆக, அனுப்பாமல் ஒரு கைபேசி இயங்க முடியும். உங்கள் கைபேசி அனுப்புகிறது என்றால், அது நீங்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு.

“பெயர் நீக்கப்பட்ட தரவைத்தான் சேகரிக்கிறோம்” என்று உங்கள் தனியுரிமைக் கொள்கை சொல்கிறது. இந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ள முடியாததற்குக் காரணம் உண்டு. 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே, தேடிய சொற்களை மட்டும் வைத்து ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைப் பத்திரிகையாளர்கள் தட்டிவிட்டார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசி இருப்பிடப் பதிவுகளை அலசியது. எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் கிடைத்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடியும் என்று காட்டியது. பெயரை எடுத்துவிட்டாலும் ஆள் உள்ளேயேதான் இருக்கிறார். நீங்கள் எடுப்பதோ கருவி அடையாள எண், நிறுவியுள்ள செயலிகளின் பட்டியல், எந்தச் செயலியை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தேன் என்ற கணக்கு. இவை உங்கள் கொள்கையிலேயே, பலரும் படிக்காமல் கடந்துபோகும் பின்பகுதியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒருவர் தொழும் முறையைக் காட்டும் செயலி, சர்க்கரை அளவைக் குறித்து வைக்கும் செயலி, வேலை தேடும் செயலி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஒருவரைப் பற்றி இதைவிட என்ன தெரிய வேண்டும்?

உங்கள் ஃபைல் மேனேஜரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவியிலேயே கிடக்கும் கோப்புகளைத் திறந்து காட்டுவதுதான் அதன் வேலை. அதைத் திறந்தால் விதிமுறைகளுக்குச் சம்மதம் கேட்கிறது. ‘ஏற்கவில்லை’ என்று அழுத்தினால் மூடிக்கொள்கிறது. என் கருவியில் என் கோப்பை நான் பார்க்க உங்கள் விதிமுறைகளை ஏற்க வேண்டியிருக்கிறது. அதை நீக்கவும் முடியவில்லை.

இனி மூலநிரல் விஷயம். உங்கள் கைபேசி லினக்ஸ் கெர்னலின் மேல் ஓடுகிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டு, 1992 முதல் ஜிபிஎல் என்ற, எவரும் எடுத்து மாற்றிப் பகிர அனுமதிக்கும் உரிமத்தின் கீழ் உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. அதை எடுத்துப் பயன்படுத்த நீங்கள் யாருக்கும் உரிமத்தொகை கட்டவில்லை. கட்டவும் தேவையில்லை. ஆனால் ஜிபிஎல் 2ஆம் பதிப்பு ஒரு கடமை வைக்கிறது. மென்பொருளை விநியோகிப்பவர் அதற்குரிய முழு மூலநிரலையும் கூடவே தர வேண்டும். அல்லது கேட்பவர் எவருக்கும் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்லும் எழுத்துபூர்வ உறுதி தர வேண்டும். நிரலைத் தொகுப்பதற்கும் (கருவியில் ஓடும் வடிவுக்கு மாற்றுவதற்கும்) நிறுவுவதற்குமான ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும். அந்த உறுதிமொழி என் கைபேசியில், ‘ஃபோனைப் பற்றி’ பகுதிக்குள் சட்டத் தகவல்களின் அடியில், ஒரு மின்னஞ்சல் முகவரியோடு இருக்கிறது. அந்த முகவரிக்கு எழுதினேன். முதலில் தானியங்கிப் பதில் வந்தது. நினைவூட்டிய பிறகு அளவு சுருக்கப்பட்ட ஒரு கோப்பு வந்தது. அதைத் திறந்தால் இந்த மாடலுக்கு முந்தைய மாடலின் நிரல். இந்தக் கருவியின் கேமராவுக்கும் தொடுதிரைக்குமான டிரைவர்கள் (அவற்றை இயக்கும் நிரல்கள்) அதில் இல்லை. தொகுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் இருக்க வேண்டாம். ஜிபிஎல் உரிமம் செல்லும் என்று 2004இலேயே ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2021இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு, தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கிய வாடிக்கையாளர் என்ற நிலையில் நின்று, மூலநிரல் கேட்டு அதைத் தயாரித்த விசியோ நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. மாறாக, கொடுத்தால் என்ன நல்லது நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்கான மூலநிரல், உரிமத்தைக் காட்டிப் பலர் வற்புறுத்திய பிறகு, 2003இல் வெளிவந்தது. அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் இயங்குதளம் இன்று எத்தனையோ ரவுட்டர்களில் ஓடுகிறது. அந்தப் பழைய ரவுட்டரையும் மக்கள் பல ஆண்டுகள் விரும்பித் தேடி வாங்கினார்கள்.

கெர்னல் நிரல் கிடைத்தால் உங்கள் செயலிகள் என்ன அனுப்புகின்றன என்று தெரிந்துவிடாது என்பதை அறிவேன். அவை தனியானவை, மூடியவை. நிரலைக் கேட்பது வேறு காரணத்துக்காக. அது இருந்தால், உங்கள் செயலிகளே இல்லாத இயங்குதளம் ஒன்றை இந்தக் கருவிக்காக உருவாக்க முடியும். லீனேஜ்ஓஎஸ் போன்ற திட்டங்களில் தன்னார்வலர்கள் செய்துவருவது அதுதான். உங்களோடு சண்டை போடாமலேயே நான் ஒதுங்கிப் போய்விடும் வழி அது.

அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். இந்த மாடலை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே, பூட்லோடரை விண்ணப்பித்துத் திறந்துகொள்ளலாம் என்று உங்கள் அதிகாரபூர்வ விவரப் பக்கத்தில் இருந்த வரிதான். அந்தப் பக்கத்தை அப்போதே சேமித்து வைத்திருக்கிறேன், இணைப்பில் காண்க. அதே அப்டேட்டுக்குப் பிறகு டெவலப்பர் அமைப்புகளில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்’ மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடக்கிறது. விவரப் பக்கத்திலிருந்து அந்த வரியும் நீக்கப்பட்டிருக்கிறது. கேட்டால் “பாதுகாப்புக் காரணங்களுக்காக” என்கிறீர்கள்.

பாதுகாப்பு என்ற காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திருடியவர் கையில் திறந்த பூட்லோடர் இருப்பது ஆபத்துதான். அதனால்தான், பூட்லோடரைத் திறக்கும் கணத்திலேயே கருவியிலுள்ள தரவு முழுவதும் அழியும்படி ஆண்ட்ராய்டு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கூகுள் பிக்சல் கைபேசிகளில் கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றிய பிறகு, அதன் டிஜிட்டல் சாவியைக் கொண்டே பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாம். இயங்குதளத்தை யாரும் மாற்றிவிடவில்லையா என்று துவங்கும்போது பார்க்கும் துவக்கச் சரிபார்ப்பு அப்போதும் வேலை செய்யும். பயனருக்கு உரிமையும் பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கும் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று. உங்கள் தரப்பிலோ, அந்தப் பெரிய அப்டேட்டோடு பாதுகாப்பு பேட்ச் வருவது நின்றே போய்விட்டது. தெரிந்த ஓட்டைகளை நீங்களும் அடைக்க மாட்டீர்கள், அடைக்க முன்வரும் தன்னார்வலர்களையும் உள்ளே விட மாட்டீர்கள் என்றால், நன்றாக ஓடும் இந்தக் கருவியைக் குப்பையில் போடுவதைத் தவிர எனக்கு என்ன வழி விட்டிருக்கிறீர்கள்?

ஆகவே நான் கேட்பவை இவை. அப்டேட்டுக்கு முன் பயனர் அணைத்து வைத்த எதையும் அப்டேட் திறக்காதபடி திருத்தம் வெளியிடுங்கள்; எனக்கு மட்டும் இல்லை, இந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும். என் கருவியிலிருந்து இதுவரை சேகரித்தது என்ன, யாரிடம் பகிர்ந்தீர்கள் என்ற விவரத்தை எனக்குப் புரியும் வடிவில் தந்துவிட்டு, அதை அழித்ததற்கான உறுதியையும் எழுத்தில் தாருங்கள். இந்த மாடலுக்கு, இப்போது ஓடும் பதிப்புக்குரிய கெர்னல் மூலநிரலை முழுமையாக, தொகுத்தால் தொகுபடும் நிலையில், பொதுவில் வெளியிடுங்கள். விற்கும்போது வாக்களித்த பூட்லோடர் திறப்பு வசதியைத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை ஏற்க இயலாது என்றால், இல்லாத வசதியைச் சொல்லி விற்ற கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள்.

30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே, பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் கையொப்பமிட்டு எழுத வேண்டும். அப்படி வராவிட்டால் இதே கடிதமும் இணைப்புகளும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் போகும். மூலநிரல் குறித்த பகுதியை, உங்கள் கருவியில் ஓடும் நிரலின் பதிப்புரிமை வைத்திருக்கும் கெர்னல் உருவாக்குநர்களுக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: நெட்வொர்க் பதிவேட்டின் நகல், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த செட்டிங்ஸ் திரைப்படிகள், விற்பனையின்போதிருந்த விவரப் பக்கத்தின் சேமித்த படி, மூலநிரல் கோரி எழுதிய மின்னஞ்சல்கள், வாங்கிய ரசீதின் நகல்.