வாய்க்கால் வரைபடமும் கொசு ஆய்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 1975ஆம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இந்நகரிலேயே யானைக்கால் நோய்க்கு எதிராக ஒருங்கிணைந்த கொசு ஒழிப்புத் திட்டத்தை நடத்தியது. அந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, தேங்கிய கழிவுநீரில்தான் பெருகுகிறது. ஆகவே நீர் தேங்காமல் ஓடச் செய்யும் வாய்க்காலின் வாட்டம் (சரிவு) மருத்துவம் சார்ந்த விஷயமும் ஆகும்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அண்மையில் கட்டிய சிமென்ட் வாய்க்காலின் கடைமடை, தலைமடையைவிட நான்கு விரல் உயரமாக இருப்பதால், மழையில்லாத நாளிலும் கறுத்த நீர் தேங்கி, தேங்காய் மட்டையைச் சுற்றிப் புழுக்கள் நெளிகின்றன. வாய்க்கால் வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கும் முன், உள்ளூரிலேயே இருக்கும் பூச்சியியல் அறிஞர்களின் கருத்தைக் கேட்பதை நகராட்சிகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.