உயரத்தில் வேலை செய்யும் உறுப்பினர்களுக்கு: பாதுகாப்புப் பட்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாரி மழைக்கு முன்னர் மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை கூரை திருத்தும் வேலைகள் கூடுவதால், பாதுகாப்புக் கருவி வாங்க இருப்போர் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழும் ஆளைத் தாங்குவதற்கு உரியதல்ல. அது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கிவிடும் என்பதால், தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸையே, லேபிளில் ஈஎன் 361 (EN 361) என்ற ஐரோப்பியத் தரக்குறி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

பலரும் கணக்கில் எடுக்காதது விழும் தூரமாகும். ஹார்னஸில் மாட்டும் 2 மீற்றர் கயிறு, விழும்போது விரிந்து அதிர்வைக் குறைக்கும் அதிர்ச்சி தாங்கியின் ஏறத்தாழ 1.75 மீற்றர், ஹார்னஸில் கயிறு மாட்டும் இடத்திலிருந்து பாதம் வரையான 1.5 மீற்றர், பாதுகாப்புக்காக மேலதிகமாக 1 மீற்றர் என்று கூட்டினால், கயிற்றைக் கட்டிய இடத்துக்குக் கீழே 6 மீற்றருக்கும் மேல் வெற்றிடம் தேவைப்படுகிறது. ஆகவே ஒற்றைத் தள வீட்டுக் கூரையில் அந்தக் கயிறு தடுத்து நிறுத்துமுன் ஆள் நிலத்தில் மோதிவிடுவார். அங்கே கூரை விளிம்பையே அடைய முடியாதபடி குறுகிய கயிற்றால் தடுத்து வைப்பதுதான் சரியான வழி என்பது எனது உறுதியான கருத்து.

கயிற்றைத் தகரத்திலோ பீலியிலோ உக்கிய சலாகையிலோ கட்டாதீர்கள்.

கடற்காற்றின் உப்பு கொக்கியின் சுருள்வில்லை அரிப்பதால், ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒருமுறை விழுகையைத் தாங்கிய கருவியை மீண்டும் அணியாதீர்கள். வாங்குமுன் லேபிளின் படத்தைக் குழுவில் இட்டால், சேர்ந்து பார்த்துச் சொல்வோம்.