மாமாவுக்கு, நினைவு மலரில் எழுதாதவை

மாமா,

ஓராண்டு நினைவு மலருக்கு என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். பிறந்த ஊர், படிப்பு, திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கழிந்த வருடங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்த விஞ்ஞானி' என்ற வரி மட்டும் என்னுடையது இல்லை, அச்சுக்குப் போகும் முன் யாரோ சேர்த்தது. பொய் இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அந்த வரியை வைத்துத்தான் என் மகளை, உங்கள் பேத்தியை மடக்குகிறார்கள். "தாத்தாவ மணிலாவுக்குக் கூப்பிட்டாவ, போனாவளா? நீ மட்டும் ஜப்பானுக்கு மூணு வருஷம் போவணுமா?"

மணிலா இல்லை, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது லாஸ் பானோஸில் என்று நீங்கள் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். யாரும் காதில் வாங்கியதில்லை.

இதை நம் வீட்டு ஆட்களும் படிப்பார்கள். அதனால் சிலவற்றைப் பாதியில் நிறுத்துவேன். உங்களுக்குப் புரியும்.

2002 மாசி, கும்பப்பூ நெல் அறுப்பு சமயம். நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பண்ணையிலிருந்து கதிர்களைக் காகித உறையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்திருந்தீர்கள். சாப்பாட்டு மேஜையில் சுளவை வைத்து, ஒவ்வொரு கதிராக உருவி, நிறைமணி ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நீங்களே நோட்டில் குறித்தீர்கள், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. லாஸ் பானோஸிலேயே வேலை பார்த்து ஓய்வுபெறப்போகும் உங்கள் சிநேகிதர். அவர்தான் நிறையப் பேசினார் போல. நீங்கள் "சரி, சரி, ரொம்ப சந்தோஷம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஒரு கதிரை எடுத்தீர்கள். பாதிக்கு மேல் போனதும் கை நின்றது. முதலிலிருந்து எண்ணினீர்கள். மறுபடியும் நின்றது. எத்தனையாவது உறையில் எத்தனை கதிர் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிற மனிதர் நீங்கள். சுளவை என் பக்கம் தள்ளி, "எண்ணம் தப்புது மக்ளே, நீ பாரு" என்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போனீர்கள். தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து, நான் எதுவும் கேட்காமலே, "அன்னைக்குப் போயிருந்தா அம்மைய யாரு பாத்திருப்பா?" என்றீர்கள்.

எத்தனையோ வருடத்துக்கு முந்தைய விஷயத்துக்கு யாரும் கேட்காத கேள்வி. அன்றைக்குப் புதுப்பெண், தலையாட்டினேன்.

காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆச்சி பக்கவாதத்தில் கிடந்தார்கள். இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். சின்னவர்களின் கல்யாணத்துக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று இங்கே எழுதமாட்டேன், வாங்கியவர்களும் படிப்பார்கள். இதற்கு நடுவிலும் இரண்டு நெல் ரகங்களைக் கலப்பு செய்ய, முந்தின நாள் சாயங்காலம் நெற்பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்து, கதிருக்கு உறை மாட்டிவிட்டு வருவீர்கள். மறுநாள் பத்து மணி வாக்கில் பூ விரியும். ஒரு மணி நேரம்தான், அதற்குள் மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஞாயிறானாலும் போவீர்கள். மத்தியானம் ஆச்சிக்குக் கஞ்சி ஊட்டத் திரும்பிவிடுவீர்கள். இதையெல்லாம் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நெல்லுக்குத் தாய் தகப்பன் சொல்லும்போது மட்டும் சம்பந்தம் பேசுகிறவரைப் போல உற்சாகமாகிவிடுவீர்கள். 1966-இல் லாஸ் பானோஸிலிருந்து ஐ.ஆர். 8 நெல் வந்தபோது நீங்கள் கல்லூரி மாணவர். அந்த ஐ.ஆர். 8-ஐயும் நம் ஊர் கட்டிச்சம்பாவையும் சேர்த்துத்தான் திருப்பதிசாரத்தின் டி.பி.எஸ். 1 ரகம் வந்தது என்று எத்தனை விருந்தாளிகளிடம் சொல்லியிருப்பீர்கள்! லாஸ் பானோஸ் நெல் திருப்பதிசாரம் வரை வந்தது. நீங்கள்தான் அங்கே போகவில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். தாவரவியலில் எம்.ஃபில். பாதியில் நிற்கும்போதுதான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். பாதியில் நின்ற ஆராய்ச்சி என்றால் என்னவென்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்குக் கதிர் கொடுத்தீர்கள். ஆயிரம் மணி எடை போடச் சொன்னீர்கள். "ஒனக்குக் கை நல்ல சுத்தம்" என்றீர்கள். அதைக் கேட்டுப் பூரித்துப்போனேன் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் எரிகிறது. உங்கள் மகனிடம், 'அவள் முடிக்கட்டும்டா' என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார். (இதைப் படித்து அவர் கோபப்படமாட்டார். பேசிவிட்டோம்.)

ஒக்கி புயல் அடித்த வாரம் என் அப்பா போனபோது, மார்த்தாண்டம் பக்கம் கரண்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ரோடெல்லாம் ரப்பர் மரம் சாய்ந்து கிடந்தது. எழுபது தாண்டிய வயதில், கையில் ஒரு டார்ச் லைட்டோடு, என் கூடப்பிறந்தவர்கள் வருவதற்கு முன்னால் வந்து நின்றது நீங்கள்தான். அப்படிப்பட்டவரிடம் எப்படி முழுசாகக் கோபப்படுவது?

அவள் என்ன படிக்கப் போகிறாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பூ விரிகிற நேரத்தில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீணாகி, கதிர் பதராகிப்போகும் இல்லையா? காட்டு நெல்லில் விடியற்காலையிலேயே பூ விரிகிற வகை இருக்கிறது. அந்தக் குணத்தை வயல் நெல்லுக்குக் கொண்டுவந்தால் வெயில் ஏறும் முன்பே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். அதில்தான் அவள் வேலை. நெற்பூ எப்போது விரியும் என்று ஆறு வயதில் வரப்பில் உட்காரவைத்து அவளுக்குக் காட்டியது யார்? உங்களைப் பார்த்துத்தான் அவள் போகிறாள். உங்களைக் காட்டித்தான் போகாதே என்கிறார்கள்.

முடிவெடுத்துவிட்டோம். செப்டம்பரில் கிளம்புகிறாள். பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஓணத்துக்கு வருவார்களா என்று தெரியவில்லை, வராவிட்டாலும் சமையல் மிச்சம்.

ஒன்றுக்கு மட்டும் மன்னிக்க வேண்டும். அந்தப் போன் வந்த நாளை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரிடமும் காட்டிக்கொள்ளாதது அது, தெரியும். ஆனால் நீங்கள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் கழுத்தில் மாட்டுகிறார்களே, நான் வேறு என்ன செய்ய? பெரியவர் ஒருவர், "எண்ணிக்கை தப்பினதுக்கெல்லாம் கதை கட்டாத" என்றார். கட்டவில்லை. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, அந்த உறைக்கு மட்டும் என் கையெழுத்து.

அத்தை அன்றைக்கு எதுவும் பேசவில்லை. ராத்திரி என் அறைக்கு வந்து, லாஸ் பானோஸ் கடிதம் வந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னார்கள். அதை இங்கே எழுத அத்தை சம்மதிக்கவில்லை. நீங்கள் சொன்ன காரணம் அதில் இல்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம் மாமா. என்னிடம் நீங்கள் சொல்லியிருக்கலாம்.