சல்லி கொட்டிய வளைவுக்கு முன்னால் ஒரு பலகை வையுங்கள்

இலங்கை மலைநாட்டு வீதிகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வீதிகளின் நிலை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் நுவரெலியாப் பக்கமிருந்து இறங்கும் பாதையொன்றில், குழியைச் சதுரமாக வெட்டிச் சல்லி நிரப்பி, தார் ஊற்றாமல் விட்டிருந்த வளைவில் நானும் தங்கையும் மோட்டார் சைக்கிளோடு விழுந்தோம். வீதியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு குழி மட்டும் மூடப்படும் என்ற பயம்தான்.

நாங்கள் வேகமாக வரவில்லை. இரண்டாம் கியரில், இன்ஜின் பிடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது, பனிமூட்டம் வேறு. வண்டியைச் சாய்த்த பிறகுதான் சல்லி கண்ணில் பட்டது. காரில் வருபவருக்கு அது டயருக்கடியில் ஒரு சத்தம், அவ்வளவுதான். சாய்ந்து திரும்பும் மோட்டார் சைக்கிளைத் தாங்குவதோ உள்ளங்கை அகல ரப்பர். அது உருளும் கல்லில் ஏறிவிட்டால் பிரேக் பிடித்தாலும் விழுவோம். வண்டி இழுபட்டுப் போய் வீதியின் விளிம்பில் நின்றது. அங்கே தடுப்பு வேலி இல்லை. கீழே தேயிலைச் சரிவு.

தங்கையின் உள்ளங்கையில் கல் துணுக்குகள் புதைந்திருந்தன. கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய அம்மா ஒருவர், தன் போத்தல் தண்ணீர் முழுவதையும் அந்தக் கையில் ஊற்றி, சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார். கூட வந்த பையன் ஒரு மரக்கொப்பை முறித்து, வளைவுக்கு முன்னால் வீதியில் போட்டான். "முந்தாநாளும் ஒருத்தர் விழுந்தாருண்ணே" என்றான். பன்னிரண்டு வயது இருக்கும் அவனுக்கு.

அவன் செய்ததைத்தான் உங்களிடம் கேட்கிறேன். வேலை முடியாத வளைவுக்கு முன்னால், இறங்கி வருபவருக்கு முன்கூட்டியே தெரியும்படி, இரவில் ஒளிரும் ஒரு எச்சரிக்கைப் பலகை. கொப்பைப் பார்த்தால் ஊர்க்காரருக்குப் புரியும். ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து முதல்முறை மலையேறும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அது காற்றில் விழுந்த கிளை.

இந்தத் தீவை மோட்டார் சைக்கிளில் சுற்றுவதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு இல்லை. இறம்பொடை வளைவுகளில் ஏற ஏறக் காற்று குளிரும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது இராவணா நீர்வீழ்ச்சியின் சாரல் வீதியிலேயே முகத்தில் படும். மஹியங்கனைக்குப் போகும் 18 வளைவு வீதியில் சமவெளி முழுவதும் காலடியில் விரியும். இந்தக் காட்சிகளைக் காட்டித்தானே உலகத்தை அழைக்கிறோம்? அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சரி, ஏற்றுக்கொள்கிறோம். எங்களுக்கு மிஞ்சியிருப்பது இந்த வீதிகள்தான். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். அப்படியிருந்தும் வேலைகள் கார்க்காரர் கண்ணோடு மட்டுமே நடக்கின்றன. யாராவது விழுந்தால் காரணம் 'வேகம்' என்று எழுதப்படுகிறது. தரையில் கிடந்த சல்லியை யார் எழுதுவது? தலைக்கவசம் இல்லாவிட்டால் எங்களை நிறுத்துகிறீர்கள், நியாயம். அதே கண்டிப்பு, வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர்களிடமும் வேண்டாமா?

மன்னிக்க வேண்டும், கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது. எல்லாக் குழிகளையும் நாளையே மூடச் சொல்லவில்லை. பணமும் ஆளும் போதாது என்பது தெரியும். ஒக்டோபர் மாதத்துப் பிற்பகல் மழை தொடங்குவதற்குள், சல்லி கிடக்கும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஒரு பலகை வையுங்கள். பள்ளத்தை ஒட்டிய வளைவுகளில் வேலிக்கு முதலிடம் கொடுங்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்.

நாங்கள் விழுந்த இடத்தைக் காட்ட எந்த நாளில் கூப்பிட்டாலும் வருகிறேன். தங்கையின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். பின்னிருக்கையில் ஏறத்தான் இன்னும் மனம் வரவில்லை அவளுக்கு.

இப்படிக்கு,
மலைவீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒருவன்